பழைய கம்ப்யூட்டருக்குப் புது பூட் டிஸ்க்

தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் தொடங்கி மலையேறிக் கேரள எல்லைக் குமுளி வரை கடை கடையாக எட்டிப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு வருடத்துக் கம்ப்யூட்டர்கள் இன்னும் தினமும் உழைத்துக்கொண்டிருப்பது தெரியும். ஏலக்காய்க் கடையில் கணக்கு, எஸ்டேட் ஆபீஸில் கூலிப் பட்டியல், பஸ் ஸ்டாண்டு ஓரத்து டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். புதிதாக வாங்கக் காசில்லாமல் இவற்றை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பல வருடக் கணக்கும், பழகிய மென்பொருளும், பழைய பிரிண்டரும் அந்த ஒரு பெட்டியோடு பொருந்திப் போயிருக்கின்றன. புதுப் பெட்டியில் பக்கம் வடிவமைக்கும் அதே பழைய பேஜ்மேக்கர் மென்பொருளையும் தமிழ் ஃபான்ட்டையும் ஓட வைப்பதற்குள் சீசனே முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் முதலில் தேய்ந்து போவது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான். ஃபேனை விட்டால் உள்ளே ஓயாமல் சுழலும் பாகம் அது ஒன்றுதான். போர்டும் ராமும் நன்றாகவே இருக்கும், டிஸ்க் மட்டும் தள்ளாடும். அதை மட்டும் மாற்றினால் கம்ப்யூட்டர் இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும். ஆனால் சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இது: "அண்ணே, ஃபைல் எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு. புது டிஸ்க் போட்டு, ஓஎஸ் ஏத்தி, டி டிரைவை அப்படியே காப்பி பண்ணிடுங்க."

கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் டிஸ்க்கான பூட் டிஸ்க்கைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாமல் டிஸ்க்கைக் கழற்றுவதால்தான் இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை இரண்டு வாரம் இழுக்கிறது. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது

போர்டில் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்குள் இருக்கும் புரோகிராமுக்கு பயாஸ் என்று பெயர். முதலில் விழிப்பது அதுதான். அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. ஃபோல்டர் என்றால் என்ன, ஃபைல் என்றால் என்ன என்பதுகூடத் தெரியாது. ராம், கீபோர்டு, டிஸ்ப்ளே எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து முடித்ததும், பூட் வரிசையில் முன்னால் நிற்கும் டிஸ்க்கின் முதல் செக்டாரை மட்டும் படிக்கும். செக்டார் என்பது டிஸ்க்கில் ஒரே தடவையில் படிக்கும் சின்னத் துண்டு, வெறும் 512 பைட்.

அந்த 512 பைட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதல் 446 பைட்டில் ஒரு குட்டி புரோகிராமும், அந்த டிஸ்க்குக்கு விண்டோஸ் கொடுத்த ஓர் அடையாள எண்ணும் இருக்கும். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை. பார்ட்டிஷன் என்றால் சி டிரைவ், டி டிரைவ் மாதிரி டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதி. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம், நான்கே நான்கு பார்ட்டிஷனுக்கு இடம். கடைசி 2 பைட் 'இது பூட் ஆகும் டிஸ்க்' என்று சொல்லும் முத்திரை. இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் எம்பிஆர் என்று பெயர். 1983-ல் ஐபிஎம் தன் எக்ஸ்டி கம்ப்யூட்டரில் 10 எம்பி ஹார்டு டிஸ்க் வைத்து விற்றபோது, கூடவே வந்த டாஸ் 2.0-க்காக வகுத்தது. 10 எம்பிக்காகப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு முப்பது வருடம் உலகம் ஓடியிருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

சரி, அந்தக் குட்டி புரோகிராம் அட்டவணையைப் பார்த்து, 'ஆக்டிவ்' என்று குறித்திருக்கும் பார்ட்டிஷனைத் தேடும். அந்தப் பார்ட்டிஷனின் முதல் செக்டாரில் இன்னொரு குட்டி புரோகிராம் இருக்கும், அதை ஓட்டிவிடும். அது போய் பூட் லோடர் ஃபைலை எடுக்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் அதன் பெயர் என்டிஎல்டிஆர், அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து பூட்எம்ஜிஆர். அப்புறம்தான் விண்டோஸின் மையப் பகுதி ஏறும், லோகோ வரும், டெஸ்க்டாப் வரும்.

இப்போது பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் திறந்து, சி டிரைவில் இருப்பதை எல்லாம் செலக்ட் பண்ணிப் புது டிஸ்க்கில் பேஸ்ட் செய்தால், முதல் செக்டார் வராது. ஆக்டிவ் குறி வராது. பார்ட்டிஷனின் முதல் செக்டார் வராது. விண்டோஸ் 7-ஆக இருந்தால் பூட் லோடர் ஃபைலே பெரும்பாலும் சி டிரைவில் இருக்காது. 100 எம்பி அளவில், டிரைவ் எழுத்தே இல்லாமல் ஒளிந்திருக்கும் தனிப் பார்ட்டிஷனில் இருக்கும். முன்பெல்லாம் லாரியில் ஏலக்காய் மூட்டை முழுக்க ஏறியிருந்தும் டிரைவர் கையில் பில் இல்லாவிட்டால் குமுளி செக்போஸ்ட்டில் வண்டி நின்றுவிடும் இல்லையா, அதே கதைதான் இதுவும். பயாஸ் சரக்கைப் பார்ப்பதில்லை, முதல் தாளைத்தான் பார்க்கிறது.

இந்தச் சங்கிலி மனதில் இருந்தால், திரையில் வரும் ஆங்கில எரிச்சல்களே நோயைச் சொல்லிவிடும். 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் பயாஸுக்கு டிஸ்க்கே கிடைக்கவில்லை, அல்லது முத்திரை இல்லை. கேபிள், பூட் வரிசை இரண்டையும் முதலில் பாருங்கள். 'என்டிஎல்டிஆர் ஈஸ் மிஸ்ஸிங்' அல்லது 'பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்' என்று வந்தால் முதல் இரண்டு படியும் நன்றாக நடந்துவிட்டன, மூன்றாவது படியில் ஃபைல் கிடைக்கவில்லை என்று பொருள். அங்கே கேபிளை மாற்றிப் பிரயோசனம் இல்லை. விண்டோஸ் சிடியின் ரிப்பேர் வசதியில் போய் பூட் ஃபைலைச் சரிசெய்ய வேண்டும். லோகோ வரை வந்து நீலத் திரை அடித்து மறுபடி ரீஸ்டார்ட் ஆனால், லோடரும் நன்றாகவே இருக்கிறது, விண்டோஸுக்கு டிஸ்க்கோடு பேசத் தெரியவில்லை. இதற்குக் கீழே வருகிறேன்.

ஏறத்தாழ 2012-க்குப் பிறகு, விண்டோஸ் 8-ஓடு வந்த கம்ப்யூட்டர்களில் பயாஸ் இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கும். அதற்கு ஃபைல் படிக்கத் தெரியும். ஈஎஃப்ஐ என்ற தனிப் பார்ட்டிஷனுக்குள் போய் லோடரை நேரே எடுத்துக்கொள்ளும். அங்கும் அந்தத் தனிப் பார்ட்டிஷன் வராமல் சி டிரைவ் மட்டும் வந்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. உங்களிடம் இருப்பது இதற்கு முந்தைய பெட்டியாக இருந்தால் எம்பிஆர் கதையே போதும்.

டிஸ்க் போகப் போகிறது என்று எப்படித் தெரியும்

கம்ப்யூட்டர் ஸ்லோ ஆவதெல்லாம் டிஸ்க் கோளாறு இல்லை. ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது அரை நிமிடம் உறைந்து நின்று, டிஸ்க் லைட் மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தால் கவனியுங்கள். 'டிக்... டிக்...' என்று சீரான இடைவெளியில் உள்ளேயிருந்து சத்தம் வந்தால் அப்போதே ஷட்டவுன் செய்துவிடுங்கள். படிக்கும் முனை இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் மறுபடி மறுபடி ஆரம்பப் புள்ளிக்குத் திரும்புகிற சத்தம் அது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மிச்சமிருப்பதையும் இழக்கும் வாய்ப்பு கூடுகிறது.

சத்தம் இல்லாத நிலையில் ஸ்மார்ட் கணக்கைப் பார்க்கலாம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். அதில் வரும் நீளமான பட்டியலில் மூன்று வரி போதும். 'ரீஅலோகேட்டட் செக்டார்' என்பது கெட்டுப்போய் ஓரம் கட்டப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. 'கரண்ட் பெண்டிங் செக்டார்' என்பது படிக்க முடியாமல் தொங்கலில் நிற்பவை. பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய இந்த இரண்டும் வாரத்துக்கு வாரம் ஏறினால் புது டிஸ்க் வாங்கக் கிளம்பிவிடலாம். மூன்றாவது 'சிஆர்சி எரர்'. அது ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன், டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் டேட்டா சிதைகிறது என்பதுதான் அந்த வரியின் பொருள். ஒரு கேபிள் விலையில் வேலை முடிந்துவிடும்.

மலைப்பகுதியில் இருப்பதால் டிஸ்க் சீக்கிரம் போகிறதா என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குள் படிக்கும் முனை தட்டின் மேல் காற்றுப் படலத்தில் மிதக்கிறது, காற்று மெலிந்தால் முனை தாழும். ஆனால் பொதுவாக 3,000 மீட்டர் உயரம் வரை ஓடும்படிதான் டிஸ்க்குகளைச் செய்கிறார்கள். ஆனைமுடியின் உச்சியே 2,695 மீட்டர்தான். உயரத்துக்காகக் குமுளிக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது கரண்டுக்கு. ஆடி மாசக் காற்றில் மரம் சாய்ந்து லைன் அறுவதும், போன கரண்ட் வந்து வந்து போவதும் இங்கே வாடிக்கை. எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கரண்ட் போனால் அந்த இடத்து ஃபைல் சிதையும். புது டிஸ்க் வாங்கும் காசோடு யுபிஎஸ் பேட்டரிக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ் வெறும் பிளக் பாயிண்ட்தான்.

எதை வாங்குவது

முதலில் கேபினட்டைத் திறந்து கேபிளைப் பாருங்கள். மெல்லிய, ஒரு விரல்கூட அகலமில்லாத டேட்டா கேபிள் என்றால் சாட்டா. சாம்பல் நிறத்தில் அகலமான ரிப்பன் மாதிரி, 40 பின் இருந்தால் ஐடிஇ. சாட்டா 2003-ல் வந்தது. அதற்குப் பின் சில வருடம் வந்த போர்டுகளில் இரண்டு வகையும் இருக்கும், அப்படியானால் சாட்டா பக்கமே போங்கள். ஐடிஇ மட்டுமே உள்ள பெட்டிக்கு சாட்டா–ஐடிஇ கன்வெர்டர் போர்டு கிடைக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பயாஸ் பலவற்றுக்கு 137 ஜிபிக்கு மேல் கண் தெரியாது. 120 ஜிபியோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

சாட்டா இருந்தால் எஸ்எஸ்டி வாங்குங்கள், அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் டேட்டாவை வைக்கும் டிஸ்க். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. "என் போர்டு பழசு, எஸ்எஸ்டி போட்டாலும் முழு வேகம் வராதே" என்பார்கள். உண்மைதான், சாட்டா இரண்டாம் தலைமுறைப் போர்ட்டில் நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. ஆனால் நாம் உணரும் வேகம் அந்த எண்ணில் இல்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் டிஸ்க் ஒரு முறை சுற்ற 8.3 மில்லி விநாடி ஆகிறது. தேடும் இடம் முனைக்கு அடியில் வரச் சராசரியாக அதில் பாதி, முனை நகர்ந்து வர இன்னும் எட்டு ஒன்பது மில்லி விநாடி. ஆக நொடிக்கு எண்பது இடத்தைத் தொட்டாலே பெரிது. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலைத் தேடி எடுக்கிறது. எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. எந்தப் பழைய போர்ட்டிலும் இந்த லாபம் அப்படியே கிடைக்கும்.

எம்.2 வடிவத்தில் வரும் என்விஎம்இ வகை மலிவாகக் கிடைக்கிறதே, அடாப்டரில் போடலாமா என்றால், பூட் டிஸ்க்காக வேண்டாம். பழைய பயாஸுக்கு அதிலிருந்து பூட் செய்யத் தெரியாது. அதே மாதிரி 2 டிபிக்கு மேல் போகாதீர்கள். எம்பிஆர் அட்டவணையில் செக்டார் எண் எழுத இருக்கும் இடம் அதற்கு மேல் எண்ணாது.

அளவு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய டிஸ்க் 500 ஜிபி என்றால், கடையில் 480 ஜிபி எஸ்எஸ்டியைக் கையில் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றில்லை. புது டிஸ்க் பழையதைவிட ஒரு செக்டார் குறைந்தாலும் குளோன், அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்கும் வேலை, செய்யும் பெரும்பாலான மென்பொருள்கள் அடம்பிடிக்கும். 500-க்கு 512 அல்லது 1 டிபி, 320-க்கு 480, 160-க்கு 240 என்று ஒரு படி மேலே வாங்கிவிட்டால் தொல்லை இல்லை. விண்டோஸில் உங்கள் 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு 480 போதும் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். டிஸ்க் கம்பெனிகள் ஆயிரத்தால் பெருக்குகின்றன, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

குளோனா, புதிதாக ஓஎஸ்ஸா

பழைய டிஸ்க் இன்னும் படிக்கும் நிலையில் இருந்தால் குளோன்தான் என் முதல் தேர்வு. 'ஃபார்மட் அடித்து ஃப்ரெஷ்ஷாகப் போட்டால் ஸ்பீடாக இருக்கும்' என்பது எஸ்எஸ்டிக்கு முந்தைய காலத்து அறிவுரை. நம் பக்கத்துக் கடைகளுக்கு அது பல சமயம் கேடாக முடிகிறது. காரணம் ஃபான்ட்.

பழைய தமிழ் ஃபான்ட்கள், பாமினி மாதிரியானவை, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோட் முறையில் அமைந்தவை அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்தான். அந்தக் குறிப்பிட்ட ஃபான்ட் கம்ப்யூட்டரில் இருக்கும் வரை அது 'அன்புடையீர்' என்று தெரியும். இல்லாவிட்டால் கிறுக்கல். குமுளிக் கடைகளில் இது இரட்டைச் சிக்கல். மங்கலதேவி கண்ணகி கோயிலின் சித்திரா பௌர்ணமிக்குத் தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் அடிப்பார்கள். சர்ச் பெருநாள் நோட்டீஸுக்கு எம்எல்-டிடி கார்த்திகா வரிசை மலையாள ஃபான்ட் வேண்டும். அவையும் இதே பழைய முறையில் செய்தவைதான்.

இந்த ஃபான்ட்கள் எங்கே இருக்கின்றன? சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில். டி டிரைவைப் பத்திரமாகக் காப்பி செய்துவிட்டு சி டிரைவை ஃபார்மட் அடித்தால், பத்து வருடத்துப் பத்திரிகை டிசைன்கள் எல்லாம் இருக்கும், ஒன்றையும் படிக்க முடியாது. தமிழ் டைப் அடிக்கும் கீபோர்டு மென்பொருளும் அங்கேதான் இருந்தது, அதன் சிடி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைலும், மை டாகுமெண்ட்ஸும், பல கடைகளில் கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'சி என்றால் வெறும் விண்டோஸ்' என்ற நினைப்பு பலரைக் கவிழ்த்திருக்கிறது.

குளோன் செய்தால் இவை எல்லாம், கண்ணுக்குத் தெரியாத முதல் செக்டார் உட்பட, அப்படியே வந்துவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு: சில பழைய மென்பொருள்கள் ஹார்டு டிஸ்க்கின் தொழிற்சாலை எண்ணைப் பார்த்துத்தான் லைசென்ஸ் கொடுக்கும். அந்த எண்ணைக் குளோன் மாற்ற முடியாது. அப்படி ஏதாவது ஓடுகிறதா என்று வேலையைத் தொடங்கும் முன்பே விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.

டிஸ்க்கில் வைரஸ் புகுந்திருந்தாலோ, விண்டோஸே சிதைந்திருந்தாலோ புதிதாக ஓஎஸ் போடுவதே சரி. அப்போதும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முதலில் பென்டிரைவில் ஏற்றிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

குளோன் எடுக்கும் வேலை

இதற்கு குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் போதும். தைவானில் உருவானது. பென்டிரைவிலிருந்தே பூட் ஆகி ஓடும், விண்டோஸைத் தொடாது. பழைய கம்ப்யூட்டர் பென்டிரைவிலிருந்து பூட் ஆக மறுத்தால், இரண்டு டிஸ்க்கையும் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிச் செய்யலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்வேன், வேகமும் கூட.

வேகம் என்றதும் ஒன்று. பழைய டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, 2.0 போர்ட்டில் செருகினால் நடைமுறையில் நொடிக்கு 30 எம்பிதான் வரும். 500 ஜிபி முழுதும் போக நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று யோசியுங்கள். முடிந்த வரை இரண்டையும் நேரே சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள். யுஎஸ்பி தவிர வழியில்லை என்றால், டெஸ்க்டாப்பின் பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டில் அது சுழலாது.

இந்த வேலையில் ஆபத்தான கணம் ஒன்றே ஒன்றுதான். எது மூலம், எது நகல் என்று தேர்ந்தெடுக்கும் திரை. மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கின் வெறுமை பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும், மீட்பது முடியாத காரியம். திரையில் டிஸ்க்கின் பெயர்கள் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரும். அந்த எழுத்துகளை நம்பாதீர்கள், எந்தப் போர்ட்டில் மாட்டினோம் என்பதைப் பொறுத்து அவை மாறும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும். மாட்டுவதற்கு முன் அதை ஒரு தாளில் எழுதி, 'பழசு', 'புதுசு' என்று குறித்து வைத்துக்கொண்டு, திரையில் வருவதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டர் தட்டுங்கள். பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், தப்பில்லை.

டிஸ்க்கில் கெட்ட செக்டார் இருந்தால் குளோன்ஸில்லா பாதியில் நின்றுவிடக்கூடும். அப்போது டிடி ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவிதான் கைகொடுக்கும். அதன் புத்திசாலித்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும். கெட்ட இடத்தில் முட்டி மோதிக்கொண்டு நிற்காது. நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்கு அப்புறம் பொறுமையாகத் திரும்பி வரும். எதுவரை படித்தோம் என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். அந்த மேப் ஃபைலைத் தனியாக ஒரு பென்டிரைவில் வைத்தால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மழைக்காலத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்.

டிஸ்க் சுழலவே இல்லை, பயாஸில் பெயரே வரவில்லை என்றால் இந்த மென்பொருள்கள் எதுவும் உதவாது. டேட்டா முக்கியம் என்றால் டேட்டா ரெகவரி செய்பவரிடம்தான் போக வேண்டும். வீட்டில் ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். தட்டுக்கும் முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான், உள்ளே விழும் ஒரு தூசியே தட்டைக் கீறிவிடும்.

மாட்டுவதும் முதல் பூட்டும்

மாட்டும் வேலை சுலபம். பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள், கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். எஸ்எஸ்டி 2.5 அங்குலம், டெஸ்க்டாப் பெட்டியில் உட்கார ஒரு பிராக்கெட் வேண்டும். பழைய டிஸ்க்கின் தடித்த ஸ்குரூ எஸ்எஸ்டிக்குப் பொருந்தாது, அழுத்தித் திருகினால் மரை போய்விடும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது புது டிஸ்க் மட்டும் இருக்கட்டும், பழையதைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இது ஏன் என்றால், 446 பைட்டுக்குள் ஓர் அடையாள எண் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, குளோனில் அதுவும் நகலாகியிருக்கும். ஒரே எண்ணோடு இரண்டு டிஸ்க்கைப் பார்த்தால் விண்டோஸ் குழம்பி, ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். அல்லது புதிதிலிருந்து பூட் ஆவது போலக் காட்டிக்கொண்டு பழையதையே பயன்படுத்தும்.

லோகோ வந்ததும் நீலத் திரை அடித்தால் பயாஸில் சாட்டா மோடை, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறையைப் பாருங்கள். ஐடிஇ, ஏஹெச்சிஐ என்று இரண்டு வகை இருக்கும். விண்டோஸை எந்த மோடில் ஏற்றினார்களோ அந்த மோடில் டிஸ்க்கோடு பேசும் குட்டி மென்பொருளான டிரைவர்தான் தொடக்கத்தில் ஏறும். எக்ஸ்பியில் ஏஹெச்சிஐ டிரைவர் உள்ளேயே கிடையாது. பழைய டிஸ்க் எந்த மோடில் ஓடியதோ அதிலேயே வைத்தால் எழுந்துவிடும். வேலை தொடங்கும் முன் அந்தத் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே பழைய கம்ப்யூட்டருக்கே உரிய இன்னொரு சங்கதி. போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால், பவர் வயரைப் பிடுங்கிய அந்த நிமிடமே பயாஸ் செட்டிங் எல்லாம் மறந்து பழைய இயல்புக்குத் திரும்பிவிடும். சாட்டா மோடும் மாறும், பூட் வரிசையும் மாறும். டிஸ்க் மாற்றியதால் வந்த கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி குளோன் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், வெப்சைட் எல்லாம் 'பாதுகாப்பில்லை' என்று மிரட்டினால், பேட்டரிதான் காரணம். கேபினட்டைத் திறந்த கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

கேரளப் பக்கத்து வீடுகளில் வேறொரு வகைக் கம்ப்யூட்டரும் வரும். அங்கே பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-லிருந்து கம்ப்யூட்டர் படிப்பை வளர்த்தது, 2017-ல் அது கைட் என்ற நிறுவனமானது. பிள்ளைகள் படிப்பதற்காக அவர்களின் உபுண்டு வழி லினக்ஸை வீட்டிலும் போட்டிருப்பார்கள். அதில் முதல் செக்டாரில் குரப் என்ற லோடர் இருக்கும். பார்ட்டிஷனை யுயுஐடி என்ற நீள எண்ணால் தேடிக்கொள்ளும். குளோனில் அந்த எண்ணும் வந்துவிடுவதால் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் எழுந்துவிடும். டிரைவர் தகராறும் விண்டோஸ் அளவுக்கு இல்லை.

எழுந்த பிறகு பார்க்க வேண்டியது கொஞ்சம். விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பின் வந்தது என்றால் எஸ்எஸ்டியைப் பராமரிக்கும் டிரிம் வசதி அதற்குத் தெரியும். எக்ஸ்பிக்குத் தெரியாது, ஓடும், ஆனால் போகப் போக எழுதும் வேகம் குறையலாம். அதோடு எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. டிஸ்க் புதிதானதால் இது மாறிவிடாது. டிசைன் வேலைக்கும் கணக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள், பாங்க் வேலையை அதில் செய்ய வேண்டாம். முடிந்தால் நெட் கேபிளையே கழற்றிவிடுங்கள்.

கழற்றிய டிஸ்க்கை உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள். தேதி எழுதி ஒட்டி, ஈரம் படாத இடத்தில் சில மாதம் வைத்திருங்கள். அப்புறமும் பழைய இரும்புக்காரருக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர் டிஸ்க் என்றால் ஊர்க்காரர்களின் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதில் கிடக்கும். டெலிட் செய்திருந்தாலும், க்விக் ஃபார்மட் அடித்திருந்தாலும் மீட்டெடுக்க முடியும். சுழலும் டிஸ்க் இன்னும் ஓடுகிறது என்றால், முழு டிஸ்க்கையும் ஒரு தடவை பூஜ்ஜியத்தால் நிரப்புங்கள். விண்டோஸ் 7-ல் க்விக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால் அந்தப் பார்ட்டிஷன் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதிவிடும். எல்லாப் பார்ட்டிஷனுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எக்ஸ்பியின் முழு ஃபார்மட் அப்படி எழுதாது, அதை நம்பாதீர்கள். ஓடாத டிஸ்க்காக இருந்தால் மூடியைக் கழற்றித் தட்டுகளை வெளியே எடுத்து, டிரில் போட்டோ சுத்தியலால் வளைத்தோ பயன்படாமல் செய்த பிறகு கொடுங்கள். லேப்டாப் டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் கண்ணாடியில் இருக்கும், அடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். சாக்கில் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.